அம்மாவையும் தண்ணீரில் இறக்குங்கள்

நீரும் நீங்களும்: வாசகர் கேள்விகள், நீச்சல் பயிற்றுநர் பதில்கள்

ஜூன் விடுமுறைப் பயணத்தில் தண்ணீர் சம்பந்தமாக என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துருக்கிக் கடற்கரையைப் பற்றியவை. காலையில் மரப் படகில் ஏறி, நாலைந்து இடங்களில் நங்கூரம் போட்டு நீந்திவிட்டு, மாலையில் திரும்புகிற அந்த ஒரு நாள் பயணம்தான் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அந்தக் கரையில் நானும் பலமுறை படகேறியிருக்கிறேன். சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித் தருவது என் வேலை. இரண்டு அனுபவத்தையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: குடும்பமாக எட்டுப் பேர் ஜூனில் துருக்கி போகிறோம். ஃபெத்தியேயில் பன்னிரண்டு தீவுப் படகுப் பயணம் ஒரு நாள். எனக்கும் 63 வயது மாமியாருக்கும் நீச்சல் தெரியாது. "நீங்க ரெண்டு பேரும் மேலே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கோங்க, நாங்க குளிச்சிட்டு வந்துடறோம்" என்கிறார் கணவர். நாங்கள் அந்தப் படகில் ஏறுவதில் அர்த்தம் இருக்கிறதா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: இருக்கிறது சகோதரி. ஆனால் பையைப் பார்த்துக்கொள்வதற்காக ஏறாதீர்கள்.

நம் வீட்டுப் பெண்கள் படகுத் தளத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சியை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒருவருடைய மூக்குக்கண்ணாடி, பிள்ளையின் துண்டு, நாலு கைப்பேசி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், எல்லாம் அவர்கள் மடியில். கீழே கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதில் வீடே குதித்துக் கும்மாளம் போடுகிறது. "நீங்களும் வாங்களேன்" என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் "எனக்கெதுக்கு, நீங்க போங்க" என்ற பதில் தயாராக இருக்கும். சாங்கியிலிருந்து இஸ்தான்புல் வரை பதினோரு மணி நேரம் பறந்து, அங்கிருந்து இன்னொரு விமானம் பிடித்துத் தலமானில் இறங்கி, சாலையில் ஒரு மணி நேரம் போய்ச் சேர்கிற கடல் அது. அதில் கால்கூட நனைக்காமல் திரும்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பயப்படுகிறவர்களுக்கு அந்தக் கடல் நம் கடலைவிடத் தோதானது. முதல் காரணம் உப்பு. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் மழையும் ஆறும் கொண்டுவரும் தண்ணீரைவிட வெயிலில் ஆவியாகிப் போவது அதிகம். அதனால் ஒரு கிலோ தண்ணீரில் 38, 39 கிராம் உப்பு இருக்கும். மழை கொட்டும் நம் பக்கத்தில் அது 30 கிராமை ஒட்டியே இருக்கிறது. உப்பு கூடினால் உடம்பு சுலபமாக மிதக்கும். குளத்தில் கால் கீழே போய்விடுகிறது என்று அழுதவர்கள் அங்கே மல்லாந்து படுத்ததும் தாமாக மிதப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது ஓதம். சிங்கப்பூரில் கடல் ஒரே நாளில் மூன்று மீட்டர் வரைகூட ஏறி இறங்கும், நீரோட்டமும் அதற்கேற்ப இழுக்கும். துருக்கிக் கரையில் ஏற்ற இறக்கம் அரை மீட்டருக்கும் குறைவு. படகு நிற்கிற குடாக்களில் தண்ணீர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அப்புறம் தெளிவு. நமக்குச் சேறு கலங்கி முழங்கைக்குக் கீழே தெரிவதில்லை. அங்கே பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிற கல்லையும் எண்ணலாம். சிலருக்கு அது தைரியம் தரும், சிலருக்கு அடி தெரிவதே பயத்தைக் கூட்டும். மாமியார் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு விஷயம் அவருக்கு எதிராக இருக்கிறது, குளிர். நம் கடல் வருஷம் முழுக்க 28க்கும் 30க்கும் இடையில் இருக்கும். ஃபெத்தியேயில் ஜூன் தொடக்கத்தில் 22, 23 டிகிரிதான். மாதக் கடைசியில் கொஞ்சம் ஏறும், ஆகஸ்ட்டில் 27, 28 வரை போகும். சிங்கப்பூர் உடம்பு 22 டிகிரியில் இறங்கினால் மூச்சு ஒரு கணம் திக்கென்று நிற்கும், பிறகு வேகவேகமாக இழுக்கும். அந்த நேரத்தில்தான் பயந்து தண்ணீர் குடிப்பார்கள். குதிக்கவே கூடாது. ஏணியில் இறங்கி, இடுப்பளவு போனதும் கம்பியைப் பிடித்தபடி நின்று, கழுத்திலும் முகத்திலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சு சீரானபின் மீதி. இரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் கிளம்புமுன் மருத்துவரிடம் "குளிர்ந்த கடலில் இறங்கலாமா" என்று இதே வார்த்தையில் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது மார்ச். கையில் பத்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. இந்த நேரத்தில் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்படாதீர்கள், அதற்கு நாள் போதாது. மூன்றே காரியம் பழகுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூக்கால் காற்றை ஊதுவது. மல்லாந்து மிதப்பது. மிதந்த நிலையிலிருந்து நிமிர்வது. மூன்றாவதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதுதான் உயிர்நாடி. மிதவைச் சட்டை போட்டு முதல்முறை தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குக் கால் தானாக மேலே வந்துவிடும். நிற்க வேண்டும் என்று காலைக் கீழே உதைப்பார்கள், உதைக்க உதைக்க உடம்பு இன்னும் மல்லாக்கச் சாயும், கை பரபரவென்று அடிக்கும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. முழங்கால் இரண்டையும் வயிற்றுப் பக்கம் மடக்கி, நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பை மடித்து, கைகளை முன்னால் கொண்டுவந்தால் உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். உங்கள் பேட்டைப் பொது நீச்சல் குளத்தில், ஆழமில்லாத பக்கத்தில், இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். காலை வேளையில் குளத்துக்கு மூத்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசி இரண்டு மூன்று தடவை, உங்கள் குளத்தில் அனுமதித்தால், மிதவைச் சட்டையோடு பழகட்டும்.

சட்டை பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி. போட்டு, பட்டையை இறுக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே இழுங்கள். காது வரை ஏறினால் பெரிய அளவு. படகில் கொடுக்கும் சட்டைகள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்களின் அளவுக்கு இருக்கும். நம் அம்மாக்களுக்கு இங்கிருந்தே ஒன்று வாங்கிப் போவது நல்லது. காற்றடித்த வளையமும் நீளக் குச்சி மிதவையும் விளையாட்டுச் சாமான்கள். மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் வளையத்தோடு ஆளையும் குடாவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

இனி ஏணி. படகின் பக்கவாட்டில் தொங்கும், தண்ணீருக்குள் இரண்டு மூன்று படிதான் இருக்கும். இறங்கும்போது படகைப் பார்த்தபடி, வீட்டில் பரணிலிருந்து இறங்குவதுபோல முதுகைக் கடலுக்குக் காட்டி இறங்க வேண்டும். இறங்குவதைவிட ஏறுவது கஷ்டம். தண்ணீரில் லேசாக இருந்த உடம்பு முதல் படியிலேயே கனக்கும், இரும்புப் படி உள்ளங்காலை அறுக்கிற மாதிரி வலிக்கும். சின்ன அலை வந்து படகு தாழும்போது காலை வைத்து, படகு எழும்பும்போது அதனோடு எழ வேண்டும். அவசரப்பட்டால் முழங்கால் இடிபடும். மேலே ஒருவர், கீழே தண்ணீரில் ஒருவர். மேலே இருப்பவர் விரலைப் பிடித்து இழுக்காமல் மணிக்கட்டுக்கு மேலே பிடிக்க வேண்டும். உங்கள் கணவர் இந்த இரண்டு இடத்தில் ஒன்றில் நிற்கட்டும். பை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

பன்னிரண்டு தீவுப் பயணத்தில் யஸ்ஸிஜா தீவுகள் என்று ஒரு நிறுத்தம் பெரும்பாலும் உண்டு. தட்டையான சின்னத் தீவுகள், இடையே ஆழமில்லாத தண்ணீர். குழந்தைகளும் நீச்சல் தெரியாதவர்களும் இறங்குவதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். அத்தையை முதலில் இறக்க வேண்டிய இடம் அது. பணம் கட்டுமுன் "யஸ்ஸிஜாவில் நிற்குமா" என்று கேளுங்கள்.

கேள்வி: ஃபெத்தியே, ஒலுதெனிஸ், காஷ், மார்மரிஸ், போத்ரும் எல்லா ஊரிலும் படகுப் பயணம் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: ஒன்றில்லை. படத்தில் எல்லாக் கடலும் நீலமாகத்தான் இருக்கும், உடம்புக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் என் முதல் தேர்வு ஃபெத்தியே அல்லது பக்கத்திலுள்ள கோஜெக். வளைகுடாவுக்குள் தீவுகள் அணை கட்டிய மாதிரி நிற்பதால் திறந்த கடலின் அலை உள்ளே வருவது குறைவு. யஸ்ஸிஜா போக, தெர்சானே தீவில் பழைய கப்பல் கட்டுமிடத்தின் இடிபாடுகள், பைன் மரம் தண்ணீர் வரை இறங்கி நிற்கும் குடாக்கள், எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரு நிறுத்தத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரம் குறைவு, அதனால் வாந்தியும் குறைவு.

ஒலுதெனிஸ் அங்கிருந்து மலை தாண்டி அந்தப் பக்கம். பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழும்பி நிற்கும் பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு, பழைய கிறிஸ்தவத் தேவாலயங்கள் இடிந்து கிடக்கும் கெமிலர் தீவு, ஊற்று நீர் கலந்து சில்லென்று இருக்கும் ஒரு குடா என்று பார்க்க அதிகம். தலைக்கு மேலே பாபாதாக் மலையிலிருந்து பாராகிளைடிங்காரர்கள் மிதந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் படகு திறந்த கடலோரமாகப் போகிறது, மதியத்துக்கு மேல் ஆட்டம் இருக்கும். இளைஞர்கள் குழுவாகப் போனால் இதையே சொல்வேன்.

போத்ருமிலும் அந்த மேற்குக் கரையிலும் கோடையில் மெல்தெமி என்கிற வடமேற்குக் காற்று பிற்பகலில் வலுத்து அடிக்கும். பகல் பன்னிரண்டு வரை கடல் தட்டையாக இருந்துவிட்டு மூன்று மணிக்கு வேறு முகம் காட்டும். மார்மரிஸ் குடா அடைப்பான குடா, தண்ணீர் அமைதி. ஆனால் அங்கே பாட்டும் நுரை விளையாட்டுமாக நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றும் பெரிய "கடற்கொள்ளையர்" படகுகளும் உண்டு, பார்த்து ஏறுங்கள். காஷ் பக்கத்துக் கெகோவாவைப் பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார், காஷையும் சேர்த்துக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: பிள்ளைகளுக்கு நவம்பர், டிசம்பரில்தான் நீண்ட விடுமுறை. அப்போது போகலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: படகுக்காக என்றால் வேண்டாம். பயணப் படகுகள் வசந்தத்திலிருந்து அக்டோபர் வரைதான் ஒழுங்காக ஓடும். குளிர்காலம் அங்கே மழைக்காலம், கடலும் முரட்டுத்தனமாக இருக்கும். ஜூன் விடுமுறையில் இடம் கிடைக்காவிட்டால் செப்டம்பரில் வருகிற ஒரு வார விடுமுறையைப் பாருங்கள். கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போது 26, 27 டிகிரியில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த மாதம் அதுதான்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கூட வருகிற நண்பர் குடும்பம் ஹலால் பார்ப்பவர்கள். படகில் சாப்பாடு எப்படி? (பொங்கோல் வாசகர்)

பதில்: நண்பர் குடும்பத்துக்குக் கவலை குறைவு. படகின் பின்பக்கத்தில் கரி அடுப்பு மூட்டிக் கோழியோ மீனோ சுடுவார்கள், நாட்டில் விற்கிற கோழி வழக்கமாக ஹலால்தான். மதுவும் விற்பார்கள், அது வேண்டாதவர்கள் வாங்க வேண்டியதில்லை.

உங்களுக்குத்தான் கவனம் தேவை. மேசையில் மக்ரோனி, தக்காளி வெள்ளரிக்காய்த் துண்டங்கள், தயிரில் கத்தரிக்காய் கலந்த ஏதாவது, நிறைய ரொட்டி, கடைசியில் தர்ப்பூசணி என்று வரும். பட்டினி இருக்க மாட்டீர்கள். ஆனால் சோற்றையும் புல்குர் கோதுமைச் சாதத்தையும் கோழி வேகவைத்த தண்ணீரில் சமைக்கும் பழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. பார்த்தால் வெறும் சாதமாகத்தான் தெரியும். "கோழி போடவில்லையே" என்று சமையல்காரர் உண்மையாகவே சொல்வார், அவர் கணக்கில் அது சைவம். அதேபோல் குடைமிளகாயையும் கத்தரிக்காயையும் மீன் சுட்ட அதே கம்பியில் வைத்துவிடுவார்கள். முதல் நாள் இரவே தங்கும் விடுதி வரவேற்பறையில் "இறைச்சி, மீன், அவை வெந்த தண்ணீர் எதுவும் கூடாது, அடுப்பில் காய்கறியை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்" என்று துருக்கியில் எழுதித் தரச் சொல்லி, அந்தச் சீட்டைப் படகில் ஏறும்போதே கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தால் பலன் இல்லை, அதற்குள் எல்லாம் வெந்திருக்கும்.

கட்டணத்தில் சாப்பாடு சேரும், குடிபானம் சேராது. பல படகுகளில் வெளியிலிருந்து பானம் கொண்டுவர விடமாட்டார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய நாளில் தாகம் சாதாரணமாக இருக்காது, கையில் லிரா ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அய்ரான் கேட்டு வாங்குங்கள். உப்புப் போட்ட மோர், நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

கேள்வி: நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி, இந்தியக் கடவுச்சீட்டு. மனைவி குடியுரிமை பெற்றவர். விசா? (செங்காங் வாசகர்)

பதில்: மனைவிக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். உங்களுக்கு வேண்டும். இணையத்தில் எடுக்கும் மின் விசா இந்தியக் கடவுச்சீட்டுக்கு நிபந்தனையோடுதான் கிடைக்கும். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்புரிமையோ கையில் இருக்க வேண்டும். நம் நிரந்தரவாசம் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கடவுச்சீட்டில் ஒட்டும் விசா எடுக்க வேண்டும். விமானச்சீட்டு வாங்குமுன் இதை முடியுங்கள்.

கேள்வி: மகனுக்கு 12, மகளுக்கு 10. இருவரும் ஸ்விம்சேஃபர் (சிங்கப்பூரின் தேசிய நீச்சல் பாதுகாப்புத் திட்டம்) வெள்ளி நிலை முடித்துவிட்டார்கள். படகின் மேல்தளத்திலிருந்து எல்லோரும் குதிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு அதே பேச்சாக இருக்கிறார்கள். விடலாமா? (பாசிர் ரிஸ் வாசகர்)

பதில்: வெள்ளி நிலை என்பது சாதாரணமில்லை, பிள்ளைகளுக்கு என் பாராட்டு. 2010ல் இந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து நம் பிள்ளைகள் வேகத்தைவிட உயிர் காத்துக்கொள்வதை முதலில் கற்கிறார்கள், அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் மேல்தளம் வேண்டாம். கீழ்த்தளத்திலிருந்து, கால் முதலில், ஒவ்வொருவராக. தலைகுப்புறப் பாய்வது எந்தத் தளத்திலிருந்தும் கூடாது. தெளிந்த தண்ணீர் ஆழத்தை மறைக்கும். மூன்று மீட்டரா ஏழு மீட்டரா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, கரைக்குக் கயிறு கட்டி நிற்கும் படகுக்கு ஒரு பக்கம் பாறை இருக்கலாம். இதே இடத்தில் குதித்தால் சரியா என்று கேப்டனைக் கேட்டபிறகே குதிக்கட்டும்.

அதைவிட எனக்கு முக்கியமான ஒன்று சொல்கிறேன். எட்டுப் பெரியவர்கள் இருக்கும் படகில்தான் பிள்ளை கவனிப்பாரில்லாமல் போகிறது, ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒருவர் காவல். கையில் கைப்பேசி கூடாது, சாப்பாட்டுத் தட்டு கூடாது, பேச்சும் கூடாது. பதினைந்து நிமிஷம் ஆனதும் "இனி நீ" என்று பெயர் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். மூழ்குகிற பிள்ளை படத்தில் வருவதுபோல் கத்தாது, கையசைக்காது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், சத்தமே வராது. அதனால்தான் கண்ணை எடுக்கக் கூடாது என்கிறேன். இஞ்சின் சத்தம் கேட்டால் யாரும் படகின் பின்பக்கம் போகக் கூடாது. நங்கூரம் ஏறுமுன் தலை எண்ணுவது படகுக்காரர் வேலை மட்டுமில்லை, நீங்களும் எண்ணுங்கள். ஆபத்து என்றால் அங்கே அழைக்க வேண்டிய எண் 112.

கேள்வி: என்ன உடுத்துவது? நீச்சலுடை போட்டுப் பழக்கமில்லை. தாலியைக் கழற்றவும் மனசில்லை. (பெயர் வேண்டாம், புக்கிட் பாத்தோக்)

பதில்: முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை நீச்சல் கால்சட்டையும் போடுங்கள், அங்கே உங்களை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ஒரே படகில் பிகினி போட்ட பாட்டியும் தலை முதல் கால் வரை மூடிய துருக்கிப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தர்ப்பூசணி சாப்பிடும் ஊர் அது. வெயிலிலிருந்து தோலும் தப்பிக்கும், தண்ணீரில் பிரதிபலிக்கும் வெயில் கீழிருந்தும் சுடும். பருத்திச் சுடிதாரும் டி-சட்டையும் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனத்துக் கையைக் காலைக் கட்டும், துப்பட்டா ஏணியில் சிக்கும்.

தாலியைப் பற்றி நீங்கள் கேட்டது நல்லது, பலர் கேட்கத் தயங்குவார்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் தானாக நழுவும். மோதிரத்தையும் வளையலையும் விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலி அலையில் தலைவழியே போய்விடலாம், மிதவைச் சட்டையின் பட்டையில் மாட்டி அறுந்தும் போகலாம். கழற்ற மனமில்லாத மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். அந்த ஒரு நாளுக்குத் தங்கச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் கோத்து, கழுத்து வரை ஜிப் போடும் நீச்சல் சட்டைக்குள் விட்டு மேலே இழுத்து மூடிவிடுங்கள். அசையாது.

காலுக்கு ரப்பர் நீச்சல் காலணி. கரையோரப் பாறைகளில் கறுப்பு உருண்டையாகக் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும். வெளிச்செருப்பைப் படகில் ஏறும் பலகையிலேயே கழற்றச் சொல்லி ஒரு கூடையில் போட்டுவைப்பார்கள், நல்ல செருப்பை அன்றைக்குப் போடாதீர்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மகனுக்கு வரலாற்றில் ஆர்வம். கெகோவாவில் கடலுக்கடியில் நகரம் இருக்கிறதாமே, முகக்கண்ணாடி போட்டு மூழ்கிப் பார்க்க முடியுமா? (அங் மோ கியோ வாசகி)

பதில்: மூழ்க முடியாது, பார்க்க முடியும். அது லிசியர் என்ற பழங்கால மக்களின் கரை. கி.பி. 2ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் கரை சரிந்து ஊரின் ஒரு பகுதி கடலுக்குள் போனது. பாறையில் வெட்டிய படிக்கட்டு நாலு படி வெளியே தெரிந்து, ஐந்தாவது படி தண்ணீருக்குள் போய், அப்படியே கீழே கீழே போவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். வீட்டுச் சுவர் அடித்தளம், கதவு வைத்த பள்ளம் எல்லாம் தெரியும். 1990 முதல் அது சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. இடிபாடுகளின் மேல் நீந்தவும் முக்குளிக்கவும் தடை, படகு மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். நீச்சல் நிறுத்தங்கள் வேறு குடாக்களில். எதிர்க்கரையில் கலேகோய் கிராமத்தில் ஒரு கல் பிணப்பெட்டி தண்ணீருக்கு நடுவே தனியாக நிற்கிறது, அதை மகன் மறக்க மாட்டான்.

காஷிலிருந்து படகிலேயே போனால் போகவர நேரம் அதிகம், திறந்த கடலும் வரும். பாட்டி தாத்தா கூட இருந்தால் சாலை வழியாக உச்சாவுஸ் கிராமத்துக்குப் போய் அங்கிருந்து படகேறுங்கள், சிறிது நேரத்திலேயே இடிபாடுகளுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள்.

காஷுக்குப் பக்கத்தில்தான் உலுபுருன் முனை. 1982ல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் "காது வைத்த உலோக பிஸ்கட்டுகள்" கிடப்பதாக வந்து சொன்னார். அவை செப்புக் கட்டிகள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கிய சரக்குக் கப்பல், பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், கண்ணாடிக் கட்டிகள், தந்தம். 1984லிருந்து 1994 வரை மூழ்கி மூழ்கி எடுத்தார்கள். இப்போது போத்ரும் கோட்டையில் உள்ள நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளம்புமுன் மகனை நம் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள். 1998ல் பெலித்துங் தீவருகே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் பீங்கான் குவியலைப் பார்த்துவிட்டுப் போனால் அவன் கேட்கிற கேள்விகளே வேறாக இருக்கும்.

கேள்வி: பேருந்தில்கூட எனக்குத் தலைசுற்றும். படகு தாங்குமா? (உபி வாசகி)

பதில்: ஃபெத்தியே குடா தாங்கும். மருந்தைப் படகு அசைந்தபின் போட்டுப் பயனில்லை, ஏறுவதற்கு அரை மணியாவது முன்னதாகப் போட வேண்டும். எது உங்களுக்குச் சரி என்று மருந்தாளரைக் கேளுங்கள், தூக்கம் வரும் மருந்து போட்டுவிட்டு நீந்தக் கூடாது. காலை உணவைத் தவிர்க்காதீர்கள், கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் உட்கார்ந்து தூரத்து மலையைப் பாருங்கள். பலருக்குப் படகு ஓடும்போதைவிட நின்று ஆடும்போதுதான் குமட்டும். அப்போது தண்ணீரில் இறங்கிவிட்டால் சரியாகிவிடும்.

கேள்வி: துறைமுகத்தில் வரிசையாகப் படகு நிற்குமாம், எல்லோரும் கூப்பிடுவார்களாம். நல்ல படகு என்று எப்படித் தெரிந்துகொள்வது? (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பதில்: முதல் நாள் மாலையிலேயே துறைமுகத்துக்கு நடந்து போங்கள். படகுகள் அன்றைய பயணம் முடிந்து திரும்பும் நேரம். இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள், முடிந்தால் பேச்சுக் கொடுங்கள். எத்தனை பேர் ஏற்றினார்கள், எத்தனை நிறுத்தம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் விட்டார்கள் என்று கேளுங்கள். முக்கால் மணி நேரம் விட்டால்தான் வயதானவர்கள் நிதானமாக இறங்கி ஏற முடியும். குலெத் என்கிற மரப் படகில் நிழல் பின்பக்கத்துக் கூரையின் கீழ்தான் இருக்கும், முன்பக்க மெத்தைகளில் நேர் வெயில். காலையில் அரை மணி முன்னதாகப் போய் நிழலில் இடம் பிடியுங்கள்.

அப்புறம் கேப்டனிடம் மிதவைச் சட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். "இருக்கு இருக்கு" என்றால் போதாது, எடுத்துக் காட்ட வேண்டும். ஏணியையும் போய்ப் பாருங்கள், கைப்பிடி இரண்டு பக்கமும் இருக்கிறதா, கடைசிப் படி தண்ணீருக்குள் எவ்வளவு போகும் என்று கேளுங்கள். கழிப்பறையையும் திறந்து பார்த்துவிடுங்கள், அம்மாக்கள் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க இருப்பதற்கு அதுதான் காரணமாகிறது. நல்ல கேப்டன் இதையெல்லாம் சந்தோஷமாகக் காட்டுவார். முகம் சுளித்தால் அந்தப் படகு வேண்டாம், பக்கத்திலேயே இன்னொன்று நிற்கும்.